கொடுத்த கையே கும்பிடுகிறது!

"நல்ல மனுசருங்க சார்! மத்தவங்ககிட்ட ஐந்நூறு வாங்குறவரு, என் நெலமையைப் பார்த்து முந்நூறு போதும்னுட்டாரு. காயிதத்தையும் கொடுத்துட்டாரு. கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்."

நம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தியின் தாய் சொன்ன சொற்கள் இவை. களையெடுத்துப் பிழைப்பவர், கணவனை இழந்தவர். மகளுக்கு உதவித்தொகை கிடைக்க வருமானச் சான்றிதழ் வேண்டும். 'வருமானம் இல்லை' என்பதற்குச் சான்று பெற, இருந்த வருமானத்தையும் இழந்து இரண்டு நாள் அலைந்தார். மூன்றாம் நாள் முந்நூறு ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்தார். சான்றிதழ் கிடைத்தது. கிடைத்த மகிழ்ச்சியில், எடுத்துக்கொண்டவரை வாழ்த்திக்கொண்டே வந்தார்!

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. முந்நூறு ரூபாய் போனதே என்பதற்காக அல்ல, அந்தக் கும்பிடுக்காக!

அதே முந்நூறு ரூபாயைத் திருடன் ஒருவன் குடிசை புகுந்து எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தத் தாய் தெரு அதிரக் கூவியிருப்பார். ஊர் திரண்டிருக்கும். அகப்பட்டவனைக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். ஆனால், மின்விசிறியின் கீழே, மேசைக்குப் பின்னே அமர்ந்து, பட்டப்பகலில், பலர் பார்க்க எடுத்தவர் 'நல்ல மனுசர்' ஆகிவிட்டார். குடிசையில் பறித்தால் திருட்டு. கச்சேரியில் பறித்தால் கருணை! இந்த விந்தை எப்படி விளைந்தது?

விடை எளிது. திருடன் எடுத்தது தன்னுடையது என்பதை அந்தத் தாய் அறிவார். சான்றிதழும் தன்னுடையதே என்பதை அறியார். அது தமக்குரிய பொருளாகப் படவில்லை. மேலிருக்கும் ஒருவர் மனம் இரங்கி அளிக்கும் வரமாகப் பட்டது. வரம் தருபவருக்குக் காணிக்கை செலுத்துவது முறைதானே! காணிக்கையைக் குறைத்தும் கொண்டால் கும்பிடத்தானே வேண்டும்!

உரிமை எங்கே அருளாக மாறுகிறதோ, அங்கே இலஞ்சம் பிறக்கிறது. இதுதான் நாம் சொல்ல வந்தது. நீட்டிய கையை மட்டும் பார்த்து நெடுங்காலம் திட்டிவிட்டோம். வளைந்து நிற்கும் முதுகையும் பார்ப்போம். அந்த முதுகு தானாக வளையவில்லை, தோழர்களே! வளைக்கப்பட்டது.

இங்கே சிலர் இடைமறிப்பர். அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். கண்டவர்களுக்கெல்லாம் வாக்குரிமை வந்ததாம். கடைக்கோடியில் கிடந்தவர்களெல்லாம் நாற்காலி ஏறினார்களாம். அன்று பிடித்ததாம் இந்த நோய்! திண்ணையிலும், இரயில் பெட்டியிலும், ஆங்கில ஏடுகளின் ஆசிரியருக்கு வரும் கடிதங்களிலும் இந்தப் பழம்பாட்டு ஓயாமல் ஒலிக்கிறது.

பொற்காலமா? அவர்கள் போற்றும் கௌடில்யரின் அர்த்தசாத்திரத்தையே எடுத்துப் பார்க்கட்டும். அரசுப் பொருளை அதிகாரிகள் அபகரிக்கும் வழிகள் நாற்பது என்று வகை பிரித்து எழுதிவைத்திருக்கிறது அந்நூல். வாக்குச்சீட்டும் இல்லை, வகுப்புரிமையும் இல்லை. ஆனாலும் வழிகள் நாற்பது!

நம் மண்ணுக்கே வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில், சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி கொலுவிருந்த காலம். ஆர்க்காட்டு நவாபுக்குக் கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தார்கள். கொழுத்த வட்டி வாங்கினார்கள். ஈடாக ஊர் ஊராக நிலவரியை எழுதி வாங்கினார்கள். பால் பென்ஃபீல்டு என்னும் இளநிலை ஊழியர், நவாபும் தஞ்சைக் குடிகளும் தமக்கு இரண்டு இலட்சம் பவுனுக்கு மேல் கடன்பட்டிருப்பதாக உரிமை கோரினார். தஞ்சையின் விளைச்சலின்மீதே அவர் கை விழுந்தது. 1776இல் இதற்குக் குறுக்கே நின்ற ஆளுநர் பிகட் பிரபுவை, அவருடைய ஆலோசனைக் குழுவினரே சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அவர் காவலிலேயே மாண்டார். 1785இல் எட்மண்டு பர்க் இந்த ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் முழங்கினார். கடன் கொடுத்தவரும் சீமான், வாங்கியவரும் சீமான். வயிற்றில் ஈரத்துணி கட்டியவன் மட்டும் காவிரிக்கரை உழவன்! அவன் எந்த நாற்காலியில் ஏறினான், ஊழலை வளர்க்க?

இன்னும் ஒரு சான்று. 1855இல் சென்னை மாகாணத்தில் ஓர் ஆணையம் அறிக்கை அளித்தது. வரி வாங்குவதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்தார்களா என்று ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் அது. 'ஆம், செய்தார்கள்' என்றது. விரல்களை நெரிக்கும் கிட்டி பேசப்படுகிறது அந்த அறிக்கையில். அண்ணாந்தாள் என்னும் கொடுமையும் பேசப்படுகிறது. அது என்ன? மாட்டுக்கு மூக்கணாங்கயிற்றையும் காலையும் பிணைத்துக் கட்டுவோமே, அதுபோல மனிதனின் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றாலோ அவன் துணியாலோ பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது! சர்க்கார் வரிக்காக மட்டுமல்ல, கீழதிகாரிகள் தம் மடியை நிரப்பிக்கொள்ளவும் இந்தக் கருவிகள் பயன்பட்டன. ஏன் முறையிடவில்லை என்று கேட்டபோது கிடைத்த காரணங்களுள் ஒன்று: கலெக்டர் இருக்கும் ஊருக்குப் போய்வர வழிச்செலவுக்குப் பணமில்லை, போனால் அன்றாடப் பிழைப்புப் போகிறது.

ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. கயிறு போயிற்று. குனிந்த நிலை போயிற்றா? கூலியை இழந்து அலைய முடியாமல் முந்நூறு கொடுத்தாரே நம் தாய், அவர் கழுத்துக்கும் காலுக்கும் இடையே அந்தப் பழைய கயிறு கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் கிடக்கிறது.

வெள்ளையர் போனபின்னும் கிராமத்தில் கணக்கு யார் கையில் இருந்தது? பரம்பரைக் கர்ணம் கையில்! ஊரின் நிலம் யாருடையது என்று சொல்லும் ஏடு ஒரு வீட்டுப் பெட்டியில் இருந்தது. அந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவனுக்குத் தன் நிலத்தின் எல்லை தெரியாது. எழுதியிருப்பதைப் படிக்கவும் தெரியாது. கர்ணம் சொன்னதே கணக்கு. தகப்பன் கர்ணம் என்றால் மகன் கர்ணம். அலுவல் ஊரின் பணி என்பது மறைந்து, ஒரு குடும்பத்தின் சொத்து என்பது நிலைத்தது. 1980இல்தான் தமிழக அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றம் அதைச் சரியென்றது. பிறகு தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்ந்தார்கள். எந்தச் சாதியில் பிறந்தவரும் வரலாம் என்ற நிலை பிறந்தது. பெரும் புரட்சிதான் அது, மறுக்கவில்லை. ஆனால் ஆள் மாறிய வேகத்தில் நாற்காலியின் குணம் மாறவில்லை. திண்ணை மேசையாயிற்று. இடுப்புத் துண்டு, 'பணிவுடன் வேண்டும்' மனுவாயிற்று.

மனு என்றதும் நம் குற்றமும் நினைவுக்கு வருகிறது. ஆசிரியராகிய நாம் வகுப்பில் என்ன கற்பிக்கிறோம்? விண்ணப்பம் எழுதப் பயிற்சி! எப்படி? "மாண்புமிகு ஐயா அவர்களின் சமூகத்திற்கு... மிகவும் தாழ்மையுடன்... தயவுகூர்ந்து... தங்கள் கீழ்ப்படிதலுள்ள." தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு குழந்தைக்கு எத்தனை தாழ்மை வேண்டியிருக்கிறது பாருங்கள்! பண்பு வேறு, பணிந்து கிடத்தல் வேறு. பத்து மதிப்பெண்ணுக்காக நாம் பழக்கிய அந்த வாசகம், நாளை அந்தப் பிள்ளையின் கையில் பணமாக முளைக்கிறது.

வீட்டிலும் அதே பாடம். 'பரீட்சையில் தேறினால் மொட்டை', 'வழக்கு வென்றால் உண்டியலில் ஆயிரம்'. ஆண்டவனிடமே பேரம்! வேண்டுதலைப் பதிவு செய்யப் பூசாரி, பாவத்துக்குப் பரிகாரம், பரிகாரத்துக்கு விலைப்பட்டியல். எல்லாம் வல்லவனுக்கே தட்சணை இல்லாமல் காரியம் நடக்காது என்று நம்பும் மனம், வருவாய் ஆய்வாளர் மட்டும் சும்மா செய்வார் என்று எப்படி நம்பும்?

"கடவுளை மறுத்த நாடுகளில் ஊழல் இல்லையோ?" என்று கேட்பர். உண்டு! சோவியத்து நாட்டிலும் உண்டு. அங்கே கட்சியின் முத்திரை இல்லாமல் ஒரு வீடு கிடைக்காது என்றிருந்த காலத்தில், அந்த முத்திரைக்கும் விலை இருந்தது. அருள் தருபவர் ஆலயத்தில் இருந்தால் என்ன, ஆட்சிமன்றத்தில் இருந்தால் என்ன? கோயில், குனிவதைக் கற்பிக்கும் பள்ளிகளுள் ஒன்று, பழைய பள்ளி, நம் ஊரில் பெரிய பள்ளி. அதனால்தான் அதைச் சொல்கிறோம்.

இனி, இந்த வணிகம் நடக்கும் முறையைப் பார்ப்போம். சரக்கு மூன்று: மறைவு, தாமதம், மனம்போல் முடிவு. எந்தத் தாளை வைக்கவேண்டும் என்பது மறைவு. எப்போது கிடைக்கும் என்பது தாமதம். கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம் என்பது மூன்றாவது. 1962இல் நடுவண் அரசு, தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் குழு அமைத்தது. 1964இல் வந்த அதன் அறிக்கை, கோப்பு நகர்வதற்காகத் தரப்படும் 'விரைவுப் பணத்தை'ப் பற்றி அன்றே பேசியது. அதே ஆண்டில்தான் நடுவண் கண்காணிப்பு ஆணையமும், தமிழகத்தின் இலஞ்ச ஒழிப்புத் துறையும் தோன்றின. 'பணம் தந்தால் வேலை விரைவாகிறதே, அதில் என்ன கேடு' என்று வாதிட்ட அறிஞர்களும் இருந்தனர். சுவீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் குன்னார் மிர்தால் 1968இல் அதை மறுத்தார்: தாமதத்தைத் தீர்க்க இலஞ்சம் வரவில்லை, இலஞ்சம் வரவேண்டுமென்றே தாமதம் உண்டாக்கப்படுகிறது என்றார். பூட்டுகிறவனே சாவி விற்கிறான்!

வாசலில் நிற்கிறாரே இடைத்தரகர், அவர் யார்? அவரை நாம் அறிவோம். பலநூறு ஆண்டுப் பழக்கம்! புரியாத மொழியில் மந்திரம் சொன்ன புரோகிதர், கையிலே மூட்டையோடு தாலுகா அலுவலக மரத்தடிக்கு வந்துவிட்டார். மந்திரம் மாறி, படிவம் எண் ஆயிற்று. புரோகிதர் இல்லாமல் திருமணம் செய்துகொள்ள முடியாது என்றார்கள். செய்துகாட்டினோம். செல்லாது என்றார்கள். 1967இல் அண்ணாவின் ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிச் செல்லும்படி செய்தோம். இருவர் இணைவதற்கு இடைத்தரகர் வேண்டாம் என்று நாட்டுக்கே காட்டிய இயக்கம், ஒரு பட்டா மாறுதலுக்கு இடைத்தரகர் வேண்டாம் என்று காட்ட முடியாதா?

ஊழலுக்கு மருந்து சொல்வோர் பலர். சம்பளம் போதவில்லை என்றார்கள். ஊதியக் குழுக்கள் அமைந்தன, சம்பளம் ஏறியது, மாமூலும் ஏறியது. கடுந்தண்டனை என்றார்கள். திரையில் பார்த்தோம்: 1996இல் 'இந்தியன்' தாத்தா கத்தியெடுத்தார், 2005இல் 'அந்நியன்' கருட புராணத்தைப் புரட்டி, எண்ணெய்க் கொப்பரையைக் காட்டினார். கொட்டகையில் கைதட்டிய நாம், வெளியே வந்து வண்டியை எடுத்தோம், பணம் கொடுத்து வாங்கிய ஓட்டுநர் உரிமத்தோடு! ஆம், பட்டம் பெற்ற நாமும் அப்படி வாங்கியவர்தாம். பிறரைக் கொப்பரையில் போடுமுன், நம் பையையும் தடவிப் பார்ப்பது நலம். 'ஒரு சர்வாதிகாரி வந்தால் சரியாகும்' என்பார் பேச்சும் இத்தகையதே. குனிந்தவர், இன்னும் பெரிய ஒருவர் காலைத் தேடுகிறார், வேறென்ன?

சட்டமும் வந்தது. 1988இல் ஊழல் தடுப்புச் சட்டம். 2018இல் அதற்குத் திருத்தம். கொடுத்தவரும் குற்றவாளி, ஏழு ஆண்டு வரை சிறை, கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம் என்கிறது திருத்தம். களையெடுக்கும் தாய் ஏழு நாளுக்குள் எங்கே போவார்? அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது: அதிகாரிகள் எடுத்த அலுவல் முடிவுகளைப் பற்றி விசாரிக்க, முன் அனுமதி பெறவேண்டும் என்றது. எளியவருக்கு ஏழு நாள் கெடு. பெரியவருக்கு அனுமதி என்னும் குடை!

பெரியவர் என்றபோது அரசியலைத் தொடாமல் விடமுடியாது. நம் வீட்டையும் சேர்த்தே பேசவேண்டும். 2009இல் திருமங்கலம் இடைத்தேர்தல், வாக்குக்கு விலை வைக்கும் முறைக்கே தன் பெயரைத் தந்தது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்த நேர்ந்தது. பகுத்தறிவு பேசிய மண்ணில், சுயமரியாதை பேசிய கட்சிகளின் கண்முன்னே! 'எதிரியும் கொடுத்தான்' என்பது விடையாகாது. வாக்கு விற்றவன் ஐந்தாண்டுக்கு உரிமையை விற்றவன். வாங்கியவன் போட்ட முதலை எடுக்காமல் விடுவானா? மேலிடத்திலோ, 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம், எந்த முதலாளி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை மக்களுக்கு மறைத்தது. 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரண் என்று தள்ளியது. முந்நூறு ரூபாய்க்கும் முந்நூறு கோடிக்கும் இருப்பிடம் ஒன்றுதான்: மறைவு!

அப்படியானால் மருந்து? வெளிச்சம். 1994இல் இராசத்தான் மாநிலத்துச் சிற்றூர்களில், உழவர் தொழிலாளர் அமைப்பு ஒன்று பொதுவிசாரணை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலைப் பெற்று, ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான்! செத்தவர் கூலி வாங்கியிருந்தார். கட்டாத கட்டடம் எழுந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் எழுந்து, 'நான் வாங்கவில்லை' என்றார்கள். அந்தப் பொறிதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகச் சுடர்விட்டது. தமிழகம் 1997லேயே அத்தகைய சட்டம் இயற்றிய மாநிலம். விலக்குகள் மிகுந்த சட்டம் எனினும் முதல் அடி நம்முடையது. நடுவண் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் விடை. மத்தியப் பிரதேசம் 2010இலும், பீகார் 2011இலும், இன்ன சான்றிதழ் இத்தனை நாளில் தரப்படவேண்டும், தவறினால் அலுவலருக்கு அபராதம் என்று சட்டம் செய்தன. வருணாசிரமத்தை எதிர்த்த நம் நாட்டில் அந்த உரிமை அவற்றைவிட உரம் பெற்று நிற்கவேண்டாமா? நாள் குறித்தால் தாமதம் சாகும். மறுப்புக்கு எழுத்தில் காரணம் கேட்டால் 'மனம்போல் முடிவு' சாகும். பட்டியலைச் சுவரில் எழுதினால் மறைவு சாகும்.

ஆனால் சட்டம் தானாக நடக்காது. இதை நாம் பட்டறிந்தோம். அந்தத் தாய்க்கு அடுத்து ஒரு சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதே தேவையுடைய இன்னும் மூன்று தாய்மாரும் இருந்தனர். வகுப்பில் விண்ணப்பத்தை மாற்றி எழுதினோம். 'தாழ்மை' போயிற்று; 'எனக்குரிய சான்றிதழை இன்ன நாளுக்குள் வழங்குக; இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தருக' என்று வந்தது. நால்வரும் சேர்ந்து சென்றனர், நாமும் சென்றோம். ஒப்புகைச் சீட்டு கேட்டோம். முறைத்தார்கள், கொடுத்தார்கள். 'நாளை' என்றார்கள், நாளையும் சென்றோம். மூன்று முறை அலைந்தபின் நான்கு சான்றிதழ்களும் வந்தன. ஒரு காசு கொடுக்கவில்லை.

வெற்றி என்று கொட்டு முழக்கவில்லை நாம். மூன்று நாள் கூலி, முந்நூறைவிட அதிகம்! உரிமையைக் கேட்பது, இலஞ்சம் கொடுப்பதைவிடச் செலவு மிகுந்ததாக இருக்கிறது, அதுதான் கொடுமை. அந்தச் செலவை ஏழை ஒருவரே சுமக்கும்வரை, அவரைக் குறைசொல்ல நமக்கு வாய் இல்லை. மாதம் பிறந்தால் ஊதியம் வாங்கும் நாம், விடுப்பு எடுத்தால் கூலி குறையாத நாம், படித்த நாம் அந்தச் சுமைக்குத் தோள் கொடுக்கவேண்டும். ஊர்தோறும் படிப்பகம் கண்ட இயக்கம் நம்முடையது. ஒவ்வொரு படிப்பகத்திலும் கிழமைக்கு ஒருநாள் மனு எழுதும் நாளாகட்டும். ஒருவராகச் செல்லாமல் பதின்மராகச் செல்லட்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய கிராமசபை கூடும் நாள்களில், பொங்கலும் சுண்டலும் தின்று கையெழுத்திட்டுத் திரும்பாமல், கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். வாக்குக்கு வரும் உறையை வாசலிலேயே திருப்பட்டும்.

சான்றிதழோடு வந்த அன்று அந்தத் தாய் வகுப்பு வாசலில் நின்று மகளிடம் சொன்னார்: "வாங்கிட்டோம்டி!"

சென்ற முறை அவர் சொன்ன சொல் நினைவிருக்கிறதா? 'கொடுத்துட்டாரு.' இந்த முறை, 'வாங்கிட்டோம்.' கொடுத்தவரின் கருணை மறைந்து, பெற்றவரின் உரிமை பேசுகிறது அந்தச் சொல்லில். கைகள் கூப்பப்படவில்லை; ஒன்றில் சான்றிதழ் இருந்தது, மற்றொன்று மகளின் தோளில் இருந்தது.

முதுகுகள் நிமிரட்டும், தோழர்களே! மேசைக்கு மேலே நீளும் கை, அதன்பின் எதைப் பறிக்கும் என்று பார்ப்போம்!